விழியின்றி ஒளியை அளந்தவர்

சிலாபத்தை ஊடறுத்துப் புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில் மாலைவேளையிற் பயணம் செய்தோர் ஒரு காட்சியை நன்கறிவர். மேற்றிசையில் தென்னைகள் நிரைநிரையாக நிற்கும். சாயும் ஞாயிற்றை ஒரு மரம் மறைக்கும். மறுகணம் கதிர் வெளிப்படும். அடுத்த மரம் மீண்டும் மறைக்கும். பஸ் வண்டி விரையுந்தோறும் ஒளியும் நிழலும் மாறிமாறிக் கண்ணில் வந்து மோதும். இமைகளை மூடினாலும் அத்துடிப்பு ஓய்வதில்லை. மூடிய இமைக்குள்ளே செந்நிறமும் பலவகைக் கோலங்களும் தோன்றித் தோன்றி மறையும்.

இக்காட்சியையே கருவியாக்கி இக்காலத்தில் விற்கின்றனர். மூக்குக்கண்ணாடி போன்றதொரு சட்டத்திற் சிறு மின்விளக்குகளைப் பதித்து, மூடிய கண்முன்னே அவற்றை இமைக்கச் செய்து, செவிக்கும் அதே தாளத்தில் ஒலியை ஊட்டுவர். மனம் ஒடுங்கித் தியானம் கைகூட இது உதவும் என்பது விற்போர் கூற்று. அது எவ்வாறாயினும், அக்கருவி கண்ணுக்குத் தரும் ஒளி எவ்வளவு என்ற வினா எஞ்சி நிற்கிறது. முன்னேசுவரத்துக் கருவறையில் அசையாது எரியும் விளக்கின் ஒளியை அளத்தல் எளிது. ஒரு செக்கனுக்குப் பத்துமுறை எரிந்து அணையும் விளக்கின் ஒளியை எங்ஙனம் அளப்பது?

இவ்வினாவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை தேடியவர் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி யோசேப்பு பிளாத்தோ. பெயரொலி கண்டு கிரேக்கத் தத்துவஞானியோடு இவரை மயங்குதல் வேண்டா.

1801ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் பிரசெல்ஸ் நகரிற் பிறந்தார் பிளாத்தோ. தந்தையார் மலர்களை வரைவதில் வல்ல ஓவியர். மைந்தனும் தூரிகை ஏந்தவேண்டும் என்று விரும்பினார். ஆனால், பதினான்கு வயதளவில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவன் தாய்மாமனின் ஆதரவில் வளரலானான். லியேஜ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற அவ்விளைஞரின் உள்ளம் பௌதிகவியலின்பாற் சென்றது. 1829இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஒளி கண்ணில் விளைக்கும் பதிவுகளின் இயல்பு என்பதாகும்.

கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தோன்றுவதை நம்மவர் கொள்ளிவட்டம் என்பர். கொள்ளி ஓரிடத்தை விட்டு நீங்கிய பின்னும் அதன் ஒளி கண்ணிற் சிறிது நேரம் தங்குவதே அதற்குக் காரணம். எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை அளக்க முற்பட்டார் பிளாத்தோ. மூன்றில் ஒரு செக்கன் அளவு என்று கண்டார். கறுப்பும் வெள்ளையும் தீட்டிய தட்டுகளை விரைந்து சுழற்றினார். இரு நிறமும் கலந்து ஒரே சாம்பல் நிறமாயின. தட்டில் நான்கில் ஒரு பங்கு வெள்ளையாயின், தோன்றும் ஒளியும் முழுவெள்ளையின் நான்கில் ஒரு பங்கே. அஃதாவது, கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத வேகத்தில் இமைக்கும் ஒளி, தன் சராசரிக்கு ஒத்த நிலையான ஒளியாகவே தோன்றும். இங்கிலாந்தில் டால்பட் என்பார் 1834இல் வெளியிட்ட இவ்வுண்மையைப் பிளாத்தோ 1835இல் உறுதிப்படுத்தினார். ஆதலின் இவ்விதி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. இதற்கு முன்னரே, 1832இல், ஆடும் உருவங்களை வரைந்த சுழல்தட்டு ஒன்றை அவர் அமைத்திருந்தார். பிற்காலச் சினிமாவின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

இவ்வாராய்ச்சி வேட்கை ஒருமுறை எல்லை கடந்தது. 1829இல் நண்பகல் ஞாயிற்றை வெறுங்கண்ணால் 25 செக்கன் வரை உற்றுநோக்கினார் பிளாத்தோ. சில நாட்கள் பார்வை மங்கிப் பின்னர் மீண்டது. 1841இல் கண்ணில் அழற்சி கண்டது. 1843இல் இரு விழிகளும் முற்றாக ஒளியிழந்தன. ஞாயிற்றை நோக்கியதன் பயனே இது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இன்று அவர் நோயை ஆராய்ந்தோர், அது கண்ணைப் பற்றிய வேறொரு பிணி எனக் கருதுகின்றனர். எனினும், ஞாயிற்றை நேரே நோக்குதல் விழித்திரையைச் சுடும் என்பதில் ஐயமில்லை.

கெண்ட் நகரிற் பேராசிரியராயிருந்த அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. மேலும் நாற்பதாண்டுகள் வாழ்ந்து ஆராய்ந்தார். மகனும் மருமகனும் நண்பர்களும் அவருக்குக் கண்களாயினர். கம்பிச் சட்டங்களிற் படியும் சவர்க்காரப் படலங்களை அவர்கள் நோக்கிச் சொல்ல, அவர் சிந்தித்து விதி வகுத்தார். மூன்று படலங்கள் கூடுமிடத்தில் 120 பாகைக் கோணம் அமையும் என்பது அவற்றுள் ஒன்று. அந்நூல் 1873இல் வெளிவந்தது.

ஒளியையும் அவர் மறந்தாரல்லர். ஓவியர் எண்மரிடம் கறுப்பையும் வெள்ளையையும் கொடுத்து, இரண்டுக்கும் சரிநடுவாகத் தோன்றும் சாம்பல் நிறத்தைத் தீட்டுமாறு பணித்தார். அவரவர் இல்லத்து வெளிச்சம் வேறுவேறாயினும் தீட்டிய நிறங்கள் பெரிதும் ஒத்திருந்தன. கண் உணரும் பிரகாசமும் அளத்தற்குரியதே என்று காட்டிய முன்னோடிச் சோதனைகளுள் இதுவும் ஒன்று. அதனை வெளியிட்ட 1872இல், எந்த நிறத்தையும் காண இயலாதவராய் அவர் மூன்று பத்தாண்டுகளை அணுகியிருந்தார். 1883ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் காலமானார்.

தியானக் கருவியை அளக்க விரும்புவோர் அவரது விதியோடு அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். துடிப்புகள் ஒன்றாய்க் கலக்கும் வேகத்துக்கே அவ்விதி பொருந்தும். செக்கனுக்குப் பத்தளவில் இமைக்கும் ஒளியோ, தன் சராசரிக்கு ஒத்த நிலையான ஒளியினும் மிகுதியாகக் கண்ணுக்குத் தோன்றும். மேலும், சாதாரண ஒளிமானி பெரும்பாலும் சராசரியையே காட்டும். விளக்கு பத்தில் ஒரு பங்கு நேரமே எரியுமாயின், மானி 100 லக்ஸ் காட்டும்போது ஒவ்வொரு துடிப்பின் உச்சமும் 1000 லக்ஸ் ஆகும். எனவே சராசரியோடு உச்சத்தையும், எரியும் நேரத்தையும், துடிப்பின் வேகத்தையும் சேர்த்தே கணித்தல் வேண்டும்.

இது வெறும் கணக்கன்று. 1997ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் யப்பானியத் தொலைக்காட்சியிற் செக்கனுக்குப் பன்னிரண்டளவில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னிய ஒரு சித்திரக் காட்சி, ஏறத்தாழ 700 பேரை மருத்துவமனைக்கு அனுப்பிற்று; பெரும்பாலோர் சிறுவர். காக்கைவலிப்பு உடையோரும், குடும்பத்தில் அந்நோய் உள்ளோரும் இத்தகைய கருவிகளை அணுகாதிருத்தலே நன்று.

கருவிகள் பல வந்துவிட்டன; ஆயினும் ஒளியின் பிரகாசத்தை இறுதியில் உணர்வது விழியே. அவ்விழியை இழந்தும் பிறர் விழிகளைத் துணைக்கொண்டு அளந்த பிளாத்தோவின் வாழ்வு, அதன் விலையை நமக்குச் சொல்லாமற் சொல்கிறது.