குண்டின் வேகத்தை ஊசலால் அளந்தவர்

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் உந்தக் காப்பு பற்றிப் படிப்பிக்கும்போது ஒரு கணக்கு தவறாமல் வரும். நூலில் ஒரு மரக்கட்டை தொங்குகிறது. துவக்குக் குண்டு ஒன்று அதற்குள் பாய்ந்து தங்கிவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பியது என்று தந்திருப்பார்கள். குண்டு என்ன வேகத்தில் வந்தது என்று நாம் காண வேண்டும். வத்தேகமவில் பல வருடங்களாக இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு வருகிறேன். இதை உண்மையான கருவியாகச் செய்து, உண்மையான துவக்கால் சுட்டு, விடையை உலகத்துக்குச் சொன்னவர் பென்ஜமின் ரொபின்ஸ். இங்கிலாந்தில் பிறந்த அவர் இறந்தது நமக்கு அடுத்த கரையில், தமிழ்நாட்டின் கடலூரில்.

அவரைப் பற்றி இப்போது எழுதத் தூண்டியது கனடாவில் இருக்கும் என் மச்சானின் ஒரு கேள்வி. அங்கே அவர் அனுமதிப்பத்திரம் பெற்று, கழகம் ஒன்றில் இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபடுகிறார். சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளில் வெடிமருந்தையும் புதிய குண்டையும் தானே நிரப்பித் திரும்பப் பயன்படுத்துவார். அப்படி நிரப்புகிறவருக்குக் குண்டின் வேகத்தை அளக்க ஒரு கருவி வேண்டும். குரோனோகிராப் என்பார்கள். கடையில் பலவகை இருக்கிறதாம். எதை நம்பி வாங்குவது என்று கேட்டார்.

இங்கே எங்களுக்குத் துவக்கு என்றால் நினைவுக்கு வருவது வேறு. மரவள்ளியைத் தோண்டும் காட்டுப்பன்றி, அதற்குத் திருட்டுத்தனமாக வைக்கப்படும் கட்டுத்துவக்கு, அதில் சிக்கிக் கால் இழந்த மனிதர்கள். ஆனாலும் மச்சானின் கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. குண்டின் வேகம் எதிர்பார்த்ததைவிடக் கூடினால், குழலுக்குள் அழுத்தமும் கூடியிருக்கிறது என்று அர்த்தம். கருவி வேகத்தைக் குறைத்துக் காட்டினால், நிரப்புகிறவர் இன்னும் கொஞ்சம் மருந்து சேர்க்கலாம் என்று நினைப்பார். பிறகு வெடிப்பது துவக்காக இருக்கும். பிழையான கருவி, கருவியே இல்லாததைவிட ஆபத்தானது. இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர் ரொபின்ஸ் என்பதால், அவருடைய வாழ்க்கையிலிருந்தே விடையைத் தொடங்குகிறேன்.

ரொபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். குடும்பம் வசதி குறைந்தது, தகப்பன் தையற்காரர். பெற்றோர் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர்கள். ஆயுதம் தூக்குவதையும் போருக்குத் துணைபோவதையும் மறுப்பவர்கள் குவேக்கர்கள். அந்த வீட்டுப் பிள்ளை பிற்காலத்தில் துவக்குக்கும் பீரங்கிக்கும் கணக்கு எழுதியது விதியின் விளையாட்டுத்தான். இளம் வயதிலேயே அவர் அந்தச் சமயத்திலிருந்து விலகிவிட்டார்.

பல்கலைக்கழகப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கணிதத்தைப் பெரும்பாலும் தானே படித்தார். லண்டனுக்கு வந்து, மாணவர்களுக்குத் தனியாகக் கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நம்மூர் மொழியில் சொன்னால் டியூஷன் வாத்தியார். 1727இல், தன் 20ஆவது வயதில், ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவானார். நியூட்டனின் நுண்கணிதத்தைப் பேராயர் பார்க்லி தாக்கி எழுதியபோது, 1735இல் நியூட்டனுக்காக ஒரு நூல் எழுதினார். ஒயிலர் போன்ற பெரிய கணித மேதையைக்கூட 1739இல் கடுமையாக விமர்சித்தார். அரசியலும் விடவில்லை. பிரதமர் வோல்போலுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார்.

1741இல் வூலிச் இராணுவக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் பதவி வந்தது. ரொபின்ஸ் எதிர்பார்த்தார், வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே நடத்துவதற்காகத் தயாரித்த பாடங்களை அவர் வீணாக்கவில்லை. 1742இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்களைப் பற்றிய சிறிய நூலாக வெளியிட்டார். வேலை கிடைக்காத வாத்தியாரின் அந்த நூல்தான் அவர் பெயரை இன்றுவரை நிறுத்தியிருக்கிறது.

அதில் அவர் விவரித்த கருவி இதுதான். மூன்று கால் சட்டத்திலிருந்து ஓர் இரும்புத் தகடு ஊசலாகத் தொங்கும். அதன் முகத்தில் தடித்த மரப்பலகை. கீழே ஒரு நாடா கட்டியிருக்கும். குண்டு மரத்தில் புதையும்போது ஊசல் பின்னால் போகும். போகும் அளவுக்கு நாடா இழுபடும். இழுபட்ட நாடாவை அங்குலக் கோலால் அளந்தால் போதும்.

ஏன் இது வேலை செய்கிறது? அவர் பயன்படுத்திய ஊசல் சுமார் 56 இறாத்தல் பாரம். குண்டு முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டு. பன்னிரண்டு குண்டு சேர்ந்தால்தான் ஓர் இறாத்தல். ஊசல் குண்டைவிட ஏறத்தாழ 670 மடங்கு பாரம். உந்தம் மாறாது என்பதால், குண்டின் வேகம் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு குறைந்து ஊசலின் வேகமாக மாறுகிறது. கண்ணால் பார்க்கவே முடியாத வேகம், மெதுவாக ஆடும் ஒரு மரக்கட்டையின் அசைவாகிவிடுகிறது. செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரம் இல்லாத காலத்தில் இது பெரிய சாதனை.

சுட்டுப் பார்த்ததில் அவருக்குக் கிடைத்த எண்கள் அன்றைய அறிஞர்களைத் திகைக்க வைத்தன. ஊசலை 25 அடி தூரத்தில் வைத்தபோது வேகம் செக்கனுக்கு சுமார் 1,670 அடி. 75 அடியில் 1,550. 125 அடியில் 1,425. ஒவ்வோர் 50 அடிக்கும் குண்டு செக்கனுக்கு 120 அடிக்குக் குறையாமல் வேகத்தை இழந்தது. அதுவரை, பாரமான குண்டைக் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது, அது கலிலியோ சொன்ன பரவளைவில் போகும் என்றுதான் பீரங்கிப் படையினர் நம்பினார்கள். முழு மருந்தில் சுட்ட 24 இறாத்தல் பீரங்கிக் குண்டுக்கு வளித்தடை அதன் நிறையைவிட இருபது மடங்குக்கு மேல் என்று ரொபின்ஸ் கணக்கிட்டார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று ஏறுவதையும் கண்டார். தான் வாதாடிக் காத்த நியூட்டனின் தடை விதிகூட அந்த வேகத்தில் பொருந்தவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார்.

அவர் அங்கே நிற்கவில்லை. ஒரு துவக்குக் குழலின் நுனியை இடப்பக்கமாக வளைத்துச் சுட்டார். குண்டு போகும் வழியை அறிய, மெல்லிய தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் திரும்பியது. குழலின் சுவரில் உருண்டதால் குண்டு சுழன்றது. அந்தச் சுழற்சியே அதைத் திருப்பியது. கிரிக்கெட் பந்து காற்றில் வளைவதைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். குழலுக்குள் புரிகள் வெட்டிக் குண்டை நேர் அச்சில் சுழலவிட்டால் அது குறி தவறாது என்று 1747இல் ரோயல் சொசைட்டியில் விளக்கினார். அதற்கு முந்திய வருடமே சொசைட்டி அவருக்குக் கொப்லி பதக்கம் வழங்கியிருந்தது.

அவருடைய நூலை ஜேர்மன் மொழியில் 1745இல் பெயர்த்தவர் வேறு யாருமில்லை, முன்பு அவரிடம் திட்டு வாங்கிய ஒயிலர்தான். மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான விளக்கங்களையும் சேர்த்தார். அந்த நூல் 1783இல் லொம்பார்ட் என்பவரால் பிரெஞ்சு மொழிக்குப் போனது. லொம்பார்ட் படிப்பித்த ஒக்சோன் பீரங்கிப் பள்ளியில் சில வருடங்களின் பின் ஓர் இளம் அதிகாரி படித்தார். அவர் பெயர் நெப்போலியன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. ரொபின்ஸ் ஊசலைச் சுட்டுக்கொண்டிருந்த அதே 1740களில், கண்டி மன்னருக்கு லெவ்கே திசாவை ஒரு சிறிய பீரங்கியைக் காணிக்கையாகக் கொடுத்தார். வெள்ளியும் தங்கமும் மாணிக்கக் கல்லும் பதித்த அழகான வேலைப்பாடு. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது அதையும் கொண்டுபோனார்கள். 2023 டிசம்பரில் நெதர்லாந்து திருப்பித் தந்த ஆறு பொருட்களில் அதுவும் ஒன்று. இந்தத் தீவின் துவக்குக் கொல்லர்களின் கைத்திறனை அதற்கும் முன்பே போர்த்துக்கேயர் மெச்சியிருக்கிறார்கள். திறமையில் நாம் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் கொல்லரின் அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைவழியாகப் போனது. ரொபின்ஸின் அறிவு எண்ணாக, அச்சில் போனது. லண்டனில் அளந்ததை பெர்லினில் இருந்தவர் சரிபார்க்க முடிந்தது. நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்பும் வேறுபாடு இதுதான்.

சரி, மச்சானுக்கு நான் என்ன சொன்னேன்? ஊசலின் காலம் போய்விட்டது. 1860களில் பெல்ஜியத்தின் இராணுவ அதிகாரி லெ புலாஞ்ஜே மின்சாரக் கருவி ஒன்றைச் செய்தார். குண்டு முதல் கம்பியை அறுக்கும்போது ஒரு கோல் விழத் தொடங்கும். இரண்டாவது கம்பியை அறுக்கும்போது அந்தக் கோலில் ஓர் அடையாளம் விழும். இன்று கம்பிக்குப் பதிலாக ஒளி உணரிகள் வந்துவிட்டன. குழலின் நுனியில் கட்டும் காந்த உணரிகளும், குண்டைத் தொடாமலே அளக்கும் ராடார் கருவிகளும் உண்டு.

ஒளி உணரி விலை குறைந்தது. ஆனால் செக்கனுக்கு 900 மீற்றர் வேகத்தில் போகும் குண்டு, 60 சென்ரிமீற்றர் இடைவெளியை ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். இரண்டு உணரிகளுக்கு இடையிலான தூரம் 6 மில்லிமீற்றர் பிழைத்தாலும் விடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது செக்கனுக்கு 9 மீற்றர் பிழைக்கும். சாய்ந்த வெயிலும் நிழலும் உணரியை ஏமாற்றும். துவக்குக்கு மிக அருகில் வைத்தால் வெடிமருந்தின் புகையையே குண்டு என்று எண்ணிவிடும். குழலில் கட்டும் கருவி வெயிலுக்கு அஞ்சாது. ஆனால் அதன் பாரத்தால் குண்டு விழும் இடம் மாறலாம். ராடாருக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. விலை கூட, பக்கத்தில் சுடுபவரின் குண்டைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் ரொபின்ஸ் செய்ததைச் செய்யுங்கள் என்றேன். அவருடைய கருவியில் பாரம், நீளம், ஆடும் நேரம் என்ற மூன்றையும் யாரும் தாமே அளந்து பார்க்கலாம். ஒரே அளவு மருந்தில் பலமுறை சுட்டு, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தார். வெடிமருந்தின் வாயு எவ்வளவு தள்ளும் என்பதைக் கொண்டு வேகத்தைத் தனியாகக் கணக்கிட்டு, ஊசல் சொன்னதோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துவந்த பிறகே நம்பினார். இன்றைக்கு அதன் பொருள், வேகம் தெரிந்த தொழிற்சாலைத் தோட்டாவை முதலில் சுட்டுப் பார்ப்பது, முடிந்தால் நண்பர் ஒருவரின் வேறுவகைக் கருவியோடு ஒப்பிடுவது. பெட்டியில் அச்சிட்ட பெயர் நம்பிக்கை தராது. சரிபார்க்க இடம் கொடுக்கும் கருவியே நம்பிக்கை தரும்.

ரொபின்ஸின் கடைசி வருடங்களுக்கு வருகிறேன். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, ஆங்கிலேயர் கடலூரின் சென் டேவிட் கோட்டைக்குத் தலைமையகத்தை மாற்றினார்கள். சமாதானத்தின் பின் 1749இல் சென்னை திரும்பக் கிடைத்தது. கோட்டைகளைப் புதுப்பிக்க ஒரு நல்ல பொறியியலாளரைக் கிழக்கிந்தியக் கம்பனி தேடியது. ரொபின்ஸ் தலைமைப் பொறியியலாளராக நியமிக்கப்பட்டார். 1749இன் முடிவில் கப்பல் ஏறி, 1750 ஜூலையில் கடலூர் வந்து சேர்ந்தார். இரண்டு கோட்டைகளுக்கும் வரைபடம் தயாரித்தார். வந்து ஒரு வருடம் கடந்ததும், 1751 ஜூலை 29 அன்று, காய்ச்சலால் இறந்தார். வயது 44. திருமணம் செய்யவில்லை. அவர் இறந்து ஒரு மாதத்தில் கிளைவ் ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். இந்தியாவில் கம்பனியின் ஆட்சி விரியத் தொடங்கியது அப்போதுதான்.

இந்த மனிதரை மாணவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்று நான் யோசிப்பதுண்டு. அவருடைய ஊசல் உண்மையைச் சொன்னது. அந்த உண்மை, நம் இரு கரைகளையும் அடிமைப்படுத்திய கம்பனிக்குப் பயன்பட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அளவு யார் பக்கமும் சாயாது. அளந்ததை வைத்து என்ன செய்வது என்பதை மனிதர்தான் தீர்மானிக்கிறார்கள். ரொபின்ஸின் கோட்டையும் நிலைக்கவில்லை. 1758இல் பிரெஞ்சுக்காரர் சென் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். தேவனாம்பட்டினம் கரையோரம், கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கத்தில், இன்று அதன் சிதைவுகள்தான் இருக்கின்றன. மரக்கட்டையும் நாடாவும் கொண்ட அந்த ஊசல் மட்டும் பாடப்புத்தகங்களில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.