இர்விங் லங்மூர் (1881 - 1957)

மாணவர்களே, புது வர்ணப்பூச்சின் மணத்தை நீங்கள் அறிவீர்கள். அதிலுள்ள தொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளரின் நரம்புத்தொகுதி பாதிப்படையலாம். அவ்வாவியை அழிக்கும் ஒரு முறைக்கு அடித்தளமிட்டவர் லங்மூர்.

1881 இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் பிறந்த இவர், 1909 முதல் ஜெனரல் இலெக்றிக் ஆய்வுகூடத்தில் மின்குமிழ்களை ஆராய்ந்தார். குமிழின் இழையில் வாயு மூலக்கூறுகள் ஒட்டுவதைக் கண்டு, புறத்துறிஞ்சலை விளக்கினார். மேற்பரப்பு இரசாயன ஆய்வுகளுக்காக 1932 இல் நோபல் பரிசு பெற்றார். மின்னிறக்கத்தில் அயனாகிய வாயுவுக்கு 1928 இல் பிளாஸ்மா எனப் பெயரிட்டவரும் இவரே. 1957 இல் காலமானார்.

இன்று இவ்விரண்டும் இணைகின்றன. சியோலைற்று போன்ற நுண்துளைத் திண்மம் ஆவியைப் புறத்துறிஞ்சிச் சேர்க்கிறது. பின்னர் வெப்பமில்லாப் பிளாஸ்மாவின் வேகமான இலத்திரன்கள் ஒட்சிசனைத் தாக்குதிறன் மிக்கதாக்குகின்றன. அதனால் ஆவி பெரும்பாலும் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுகிறது.

நினைவிற் கொள்க: புறத்துறிஞ்சல் சேர்க்கும், பிளாஸ்மா சிதைக்கும்.