தோமஸ் ஸ்கின்னரும் நாம் நடந்த பாதைகளும்

கண்டி–நுவரெலியா வீதியில் தவலந்தென்னையில் இறங்கிப் பூண்டுலோயாவுக்குத் திரும்பும் பழைய மாணவியர் அனைவரும் ஒரு மனிதரின் வாழ்க்கையை அறிந்திருப்பது நன்று. அவர் தோமஸ் ஸ்கின்னர்.

1804இல் இன்றைய கனடாவிலுள்ள நியூபவுண்ட்லாந்தில் பிறந்தவர். 1818இல், பள்ளிப் படிப்பு முடியுமுன்பே இலங்கை வந்து இராணுவத்தில் சேர்ந்தார். 1820இல் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கண்டி வீதியின் ஒரு பகுதியை அமைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தபோது வயது 16. வீதி வேலை எதுவும் தெரியாது. செய்து செய்தே கற்றார். விட்ட படிப்பையும் பின்னாளில் தாமாகவே புத்தகங்களைத் தேடிப் படித்து நிரப்பிக்கொண்டார். மலைக்காடுகளில் அலைந்து மத்திய மலைநாட்டை அளந்து வரைபடம் ஆக்கினார். 1841இல் வீதி ஆணையாளரானார். 1867இல் ஓய்வு பெற்றபோது நாட்டில் ஏறத்தாழ 3000 மைல் வீதி இருந்தது. கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டில்தான். 1877இல் இங்கிலாந்தில் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1891இல் நூலாகப் பதிப்பித்தவர் அவர் மகள் ஆனி.

ஆனால் ஒருவர் மட்டும் வீதி போட முடியாது. தொடக்கத்தில் மண் வெட்டியவர்கள் இராஜகாரிய முறையில் கூலியின்றி அழைக்கப்பட்ட கண்டிய கிராமத்தவர்கள். 1832இல் அம்முறை ஒழிந்தது. பயனியர் படையில் தென்னிந்தியத் தமிழர் பலர் சேர்ந்தனர். 1848இல் வந்த சட்டமோ ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும் என்றது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். காய்ச்சலிலும் பேதியிலும் பாதையோரத்திலேயே மாண்டவர்கள் பலர். கடுகண்ணாவையில் பொறியியலாளர் டோசனுக்குக் கோபுரம் நிற்கிறது. இவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நமக்குப் பாதையின் அருமை நன்கு தெரியும். பிரசவ வலி கண்ட தாய் லயத்திலிருந்து பெருவீதிக்கு வந்து சேரும் நேரந்தான் பல வேளைகளில் இரண்டு உயிர்களைத் தீர்மானிக்கிறது. பெருவீதிகள் அமைந்து நூறாண்டுகள் கடந்தும் தோட்டத்துப் பாதைகள் எவருக்கும் சொந்தமில்லாதவை போலக் கிடந்தன. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

இனிக் கேட்பது நம் உரிமை. கேட்க வேண்டியதும் நம் கடமை. சபைக்கு மனு எழுதக்கூடிய படிப்பை இந்தப் பாடசாலை நமக்குத் தந்திருக்கிறது. ஊருக்கு வரும்போது சிரமதானத்துக்கு ஒரு நாளையும் ஒதுக்குவோம். கூலியின்றி வற்புறுத்திப் பெறப்பட்ட உழைப்பில் தொடங்கிய பாதைகளை, நாமே விரும்பித் தரும் உழைப்பால் லயத்து வாசல்வரை கொண்டு சேர்ப்போம்.