ஹெர்மன் ஃபெட்டிங்கர்

நம் மைசூரில் பெமல் தொழிற்சாலை செய்து அனுப்பும் சுரங்க டம்பர்களைப் பார்த்த நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக் கூடும். பல டன் கல்லை முதுகில் சுமந்துகொண்டு, மேட்டுப் பாதையில் நின்ற நிலையிலிருந்து அவை புறப்படும்போது, லாரியில் எழுவது போலக் கிளட்ச் கருகும் நாற்றம் எழுவதில்லை. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையில் அங்கே தட்டோடு தட்டு உரசுவதில்லை, எண்ணெய் சுழல்கிறது. டார்க் கன்வர்ட்டர் என்று அதற்குப் பெயர். முறுக்குவிசை மாற்றி என்று தமிழில் சொல்வோம். ஆனால், இக்கருவி தரையில் ஓடுவதற்காகப் பிறந்ததன்று. கப்பலுக்காக இதைப் படைத்தவர் ஜெர்மானியப் பொறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர்.

அவர் 1877ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நூரம்பெர்க் நகரில் பிறந்தார். மூனிக் தொழிற்கல்லூரியில் அவர் பயின்றது மின்பொறியியல். படிப்பு முடிந்து 1899இல் வேலைக்குச் சேர்ந்ததோ ஸ்டெட்டின் துறைமுகத்தின் வல்கன் கப்பல் கட்டும் நிறுவனம். மின்சாரம் படித்தவருக்கு அங்கே நீராவியும் நீரும் வாய்த்தன. படித்தது ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று என்று வருந்தும் மாணாக்கர் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

அவர் அங்கே முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி அளவைபற்றியது. கப்பலின் எஞ்சின் உண்மையில் எவ்வளவு திறனைத் தருகிறது? மனித உடல் பருமன் உள்ள எஃகுத் தண்டும், பாரத்தை இழுக்கும்போது மயிரிழை அளவேனும் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அளந்தால் விசையைக் கணக்கிடலாம். இதற்கென ஒரு கருவியை அமைத்து, அந்த ஆராய்ச்சியைக் கொண்டே டாக்டர் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் கப்பல் கட்டுவோருக்கு ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. புதிதாக வந்த நீராவி டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனமாக ஓடும். கப்பலின் சுழல்விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரைப் பற்றித் தள்ளும்; மிஞ்சிய வேகத்தில் நீர் குமிழியாய்ச் சிதறிப் போகும். இவ்விரண்டையும் எப்படி இணைப்பது? பல்லாயிரம் குதிரைத்திறனைத் தாங்கும் பற்சக்கரங்களைச் செய்யும் நம்பிக்கை அன்று பலருக்கு இல்லை. மின்பொறியியல் படித்த ஃபெட்டிங்கருக்கு டைனமோவும் மோட்டாருமே முதலில் தோன்றின. எடையும் விலையும் அதிகமென்று கண்டதும், நீரைத் தூதாக அனுப்பினால் என்ன என்று எண்ணினார். டர்பைன் ஒரு பம்பைச் சுழற்றட்டும். பம்பின் நீர் வேறொரு நீர்ச்சக்கரத்தைச் சுழற்றட்டும்.

கணக்கு இதற்கு இடம் தரவில்லை. பம்பு நூற்றில் எண்பதைத் தரும். அந்த எண்பதில் நீர்ச்சக்கரம் எண்பது சதவீதம் தரும். மிஞ்சுவது அறுபத்து நான்கு. இடையிலுள்ள குழாய்கள் மேலும் தின்னும். இங்கேதான் அவருடைய மேதை வெளிப்பட்டது. குழாய்களையே எடுத்துவிட்டார். பம்புச் சக்கரத்தையும் நீர்ச்சக்கரத்தையும் ஒரே கூட்டுக்குள் நெருங்க வைத்து, ஒன்றை விட்ட நீர் உடனே மற்றொன்றில் நுழையும்படி செய்தார். 1905ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதற்குக் காப்புரிமை கோரினார்.

இரண்டு சக்கரங்கள் மட்டும் இருந்தால் வந்த விசையே போய்ச் சேரும், பெருகாது. அவர் மூன்றாவதாக, அசையாத இதழ்களைக் கொண்ட ஒரு வளையத்தையும் சேர்த்தார். நீர்ச்சக்கரத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பும் நீர் திசைமாறி வருகிறது. அப்படியே விட்டால் பம்பை எதிர்த்துத் தள்ளும். அசையா இதழ்கள் அதை வளைத்து, பம்பு சுழலும் திசையிலேயே திருப்பிவிடுகின்றன. நீரை வளைக்கும் அந்த உதைப்பைக் கூடு தாங்குகிறது. தாங்கிய அளவு விசை நீர்ச்சக்கரத்தில் கூடுகிறது. கடப்பாரையால் கல்லைப் புரட்டுபவன் அடியில் முட்டுக்கல் வைப்பதில்லையா? அந்த முட்டுக்கல்லின் வேலையே இவ்வளையத்தின் வேலை. வேகம் குறைந்து விசை பெருகுகிறது.

1913இல் கட்டப்பட்ட கோயெனிகின் லூயிசே என்னும் கப்பலில் இக்கருவி பொருத்தப்பட்டது. அடுத்து வந்தது டிர்பிட்ஸ் என்னும் பெரிய பயணிக் கப்பல். போர் முடிந்தபின் அது பிரிட்டன் கைக்குப் போய், எம்ப்ரஸ் ஆஃப் ஆஸ்திரேலியா என்று பெயர் பெற்றது. 1923 செப்டம்பர் 1ஆம் நாள் யோகோஹாமா நகரைப் பூகம்பம் அழித்தபோது அத்துறையில் நின்றிருந்த அக்கப்பல், ஆயிரக்கணக்கானவர்களுக்கு அடைக்கலம் தந்தது. ஆனால், அதன் வேகம் உரிமையாளருக்குப் போதவில்லை; எரிபொருளும் மிகுதியாகச் செலவாயிற்று. இதற்குள் பற்சக்கரம் வெட்டும் கலை முன்னேறிவிட்டது. நூற்றில் இரண்டொன்றே அதில் வீணாகும். நீர்வழியிலோ பத்துப் பங்குக்குக் குறையாமல் வெப்பமாகப் போயிற்று. 1926–27இல் கிளாஸ்கோவில் ஃபெட்டிங்கரின் கருவியைக் கழற்றிவிட்டு, பற்சக்கரத்தோடு கூடிய டர்பைன்களைப் பூட்டினார்கள். கப்பல் முன்னிலும் விரைந்து ஓடிற்று!

தம் படைப்பு எதற்காகப் பிறந்ததோ அந்த இடத்திலேயே அது தோற்றதைப் படைத்தவர் கண்ணாரக் கண்டார். அவர் அப்போது கப்பல் தளத்தில் இல்லை. 1909இல் டான்சிக் தொழிற்கல்லூரிக்கும் 1924இல் பெர்லினுக்கும் பேராசிரியராகச் சென்று, பாயும் பொருள்களின் இயக்கத்தைப் போதித்து வந்தார்.

கடலில் தோற்றது தரையில் பிழைத்தது. 1928இல் கார்ல்ஸ்ரூவைச் சேர்ந்த பொறிஞர்கள் அந்த அசையா வளையத்தை ஒருபுறம் மட்டும் சுழலும்படி அமைத்தார்கள். புறப்படும்போது அது நின்று விசையைப் பெருக்கும். வண்டி வேகம் எடுத்ததும் தானும் சேர்ந்து சுழன்று வழிவிடும். 1948இல் அமெரிக்க பியூக் காரில் முறுக்குவிசை மாற்றி ஏறிற்று. ரயில் எஞ்சின்களிலும் டீசல் கார்களிலும் அது இடம்பெற்றது.

பழைய டீசல் கார்களைப் பழுதுபார்ப்போர் ஒரு வண்டியின் மாற்றியை வேறு வண்டியில் பூட்டிப் பார்ப்பதுண்டு. போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. உள்ளே இதழின் கோணமும் சக்கரத்தின் விட்டமும் அந்தந்த எஞ்சினுக்கென்று கணக்கிட்டவை. எண்ணெய் வாங்கிக்கொள்ளும் முறுக்குவிசை வேகத்தின் இருமடி வீதத்திலும் விட்டத்தின் ஐந்துமடி வீதத்திலும் ஏறுவது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விசை ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். மாற்றி சிறுத்துவிட்டால் எஞ்சின் அலறும், வண்டி நகராது, எண்ணெய் கொதிக்கும். பெருத்துவிட்டால் எஞ்சின் தன் திறன் வரும் வேகத்தையே எட்டாமல் திணறும். எம்ப்ரஸ் கப்பலில் நடந்ததுபோல் முழுவதையும் மாற்றுவது வேறு, பாதியை மாற்றுவது வேறு.

பியூக் கார் வெளிவந்ததைக் காண ஃபெட்டிங்கர் இல்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் சோவியத் படைகள் பெர்லினுக்குள் நுழைந்து தெருத் தெருவாகப் போர் நடந்தது. அந்நாட்களில், ஏப்ரல் 28ஆம் தேதி, பீரங்கிக் குண்டின் சில்லு பாய்ந்து அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.