பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா

பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா (1838 - ஜூன் 19, 1874) காவிரிப் படுகைத் தொல்லுயிர் எச்சங்களை ஆராய்ந்த நிலவியலாளர் ஆவார். இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியாவில் பிறந்தார். வியன்னாவில் பயின்று, 1862இல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

பூதலூருக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள அரியலூர்ப் பகுதி கிரீத்தேசியக் காலத்தில் கடலடியாக இருந்தது. அங்குள்ள பாறைகளை ஹென்றி பிளான்போர்டு என்பவர் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக முன்னரே வகுத்திருந்தார். அவற்றில் கிடைத்த அம்மோனைட்டு, சங்கு, சிப்பி முதலியவற்றை இனங்கண்டு விவரிக்கும் பெரும்பணியை ஸ்டோலிச்கா ஏற்றார். அம்மோனைட்டு இனங்கள் பல குறுகிய காலமே வாழ்ந்தவை. ஆயினும் கடல்தோறும் பரவியவை. ஆகவே ஒரே இனம் ஐரோப்பாவிலும் இங்கும் காணப்பட்டால், அவ்விரு படிவுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை எனக் கொள்ளலாம். கதிரியக்கக் காலக்கணிப்பு அறியப்படாத அந்நாளில் ஆண்டுக்கணக்குக் கூற வழியில்லை. எது முந்தையது, எது பிந்தையது என்றே கூற முடிந்தது. ஊட்டத்தூர்த் தொகுதியே மூன்றிலும் பழையது. இவ்வாய்வுகள் 1863 முதல் 1873 வரை பேலியண்டாலஜியா இண்டிகா வரிசையில் வெளிவந்தன. தென்னிந்தியக் கிரீத்தேசியப் பாறைகளை ஆராய்வோர் இன்றும் அவற்றை நாடுகின்றனர்.

நூல்வரிசை முடிந்த அதே 1873இல் யார்க்கண்டு தூதுக்குழுவுடன் நடு ஆசியா சென்றார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின், முர்கோ என்னுமிடத்தில் மலைநோயால் இறந்தார். லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது.