பூமியின் நாடி பார்த்தவர்

ஜான் மில்ன் 1850-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். சுரங்கவியல் கற்றார். டோக்கியோவிலிருந்த பொறியியற் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்கவே 1875-இல் புறப்பட்டார். கப்பல் பயணம் அவர் உடலுக்கு ஒத்துவராது. ஆகவே சைபீரியா வழியாகத் தரைமார்க்கமாகவே சென்று மறு ஆண்டுதான் ஜப்பானை அடைந்தார். கடலுக்கு இப்படி அஞ்சியவர் பின்னாளில் கடல் நடுவேயுள்ள தீவுகளையே தம் பணிக்கு நம்பியிருந்தார் என்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

ஜப்பானில் நிலம் அடிக்கடி நடுங்கும். 1880 பிப்ரவரியில் யோகோஹாமா நகரம் குலுங்கியது. அவ்வாண்டே மில்ன் நிலநடுக்கவியல் கழகத்தைத் தொடங்க முன்னின்றார். ஈவிங், கிரே என்னும் இருவரும் அவரும் பதிவுக் கருவிகளை உருவாக்கினர். டோனே என்னும் ஜப்பானியப் பெண்மணியை மில்ன் மணந்தார். 1889-இல் ஜப்பானில் ஏற்பட்ட நடுக்கம் ஒன்று ஜெர்மனியிலிருந்த கருவியில் பதிவாயிற்று. அப்படியானால் உலகின் எந்த மூலையில் நிலம் அசைந்தாலும் வேறு மூலையில் அறியலாம் அல்லவா?

1895-இல் தீ விபத்து. வீடு, கருவிகள், பல்லாண்டு சேர்த்த நூல்கள் எல்லாம் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது 44. மனைவியுடனும் ஹிரோட்டா என்னும் ஜப்பானிய உதவியாளருடனும் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் ஷைட் என்ற சிற்றூரில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அவருடைய கருவியில் கிடையாக நிற்கும் ஒரு கோல் உண்டு. நிலம் அசைந்தால் அது ஆடும். விளக்கொளி அந்த ஆட்டத்தை மெல்ல நகரும் புகைப்படத் தாளில் கோடாக வரையும். நாள் தவறாமல் விளக்கையும் தாளையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலும் கணக்கு நூற்றுக்கணக்கான மைல் தவறிப்போகும். முதலில் வரும் விரைவான அலைக்கும் பின்வரும் அலைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு தூரத்தைக் கணிப்பார்கள். மூன்று நிலையங்களின் தூரங்கள் தெரிந்தால் நடுங்கிய இடம் அகப்பட்டுவிடும். ஆனால் கடலடியில் நடுங்கினால்? தீவுகளை விட்டால் அங்கே கருவி வைக்க நிலமேது! மொரீஷியஸ், அசோர்ஸ், ஹொனலூலு என்று நிலையங்கள் எழுந்தன. மொத்தம் சுமார் 40. ஸ்காட் குழுவினர் 1901-இல் தென்துருவக் கண்டத்துக்கும் ஒரு கருவியைக் கொண்டு சென்றனர். நம் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்திலும் ஒன்று இருந்தது. சென்ற கோடையில் அங்கே போன நான் ஏரியை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்!

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடி நிலம் நடுங்கியதை உலகெங்கும் கருவிகள் பதிந்தன. ஆயினும் நம் கரைக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடு அன்று இல்லை. ஐதராபாத்தில் அதற்கான மையம் 2007-இல்தான் அமைந்தது.

மில்ன் 1913 ஜூலை 31 அன்று காலமானார். அதன் பின்னரும் தொலைதூர நிலையங்களின் பதிவுகள் ஷைடுக்கு வந்துகொண்டிருந்தன. 1919-இல் அப்பணி ஆக்ஸ்போர்டுக்கு மாறியது. டோனே அம்மையார் சில ஆண்டுகள் கழித்துத் தாய்நாடு திரும்பினார்.