ஓநாயின் குதிகால்

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாய் வரைந்தால் பின்னங்காலைக் கவனியுங்கள். பின்பக்கமாக மடிந்திருப்பது முழங்கால் அல்ல, குதிகால். வங்கியில் முப்பது வருஷம் பேரேடு எழுதிய எனக்கு இது இப்போதுதான் தெரியும், எர்னஸ்ட் தாம்ஸன் சீட்டன் புண்ணியத்தில்.

1860-ல் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். பாரிஸில் ஓவியம் பயின்றார். ரோமத்துக்கு அடியில் எலும்பும் தசையும் எப்படி இருக்கின்றன என்று அறிய, இறந்த நாய்களை அறுத்துப் பார்த்து வரைந்தார். ஓநாயும் அதே குடும்பம்தானே! அவருடைய 'உறங்கும் ஓநாய்' 1891-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றது. 1896-ல் ஓவியர்களுக்காக விலங்கு உடற்கூறு நூலும் வெளியிட்டார்.

இதற்கு நடுவே, 1893-ல், மாடுகளை அடிக்கும் ஓநாய்களைப் பிடிக்க அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுக்குப் போனார். கூட்டத் தலைவன் லோபோ விஷத்துக்கும் பொறிக்கும் சிக்கவில்லை. அதன் ஜோடி பிளாங்காவைக் கொன்று, அந்த உடலின் வாடையைப் பொறிகளைச் சுற்றிப் பரப்பினார். தேடி வந்த லோபோ மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை உயிரோடு இல்லை.

உடலின் ஒவ்வொரு தசையும் தெரிந்த மனிதருக்கு அந்தச் சாவு மட்டும் விளங்கவில்லை போலும். லோபோவின் கதையை எழுதினார். 1898-ல் வந்த அவரது புகழ்பெற்ற புத்தகத்தில் அது இருக்கிறது. பிறகு காட்டு விலங்குகளுக்காகவே பரிந்து பேசினார். 1946-ல், அதே நியூ மெக்சிகோவில் காலமானார்.